கண்டன்சர் இழுத்த தறிச் சத்தம்

நாகமரத்துப்பாளையத்துத் தறிச் சத்தம் மொத்தமும் ஒரு லேப்டாப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்ட கதையை எங்கள் ஊரில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள், சொல்கிறவர் வாய்க்குத் தகுந்தபடி அது நீளும், குறுகும், அவரவர் வீட்டுத் தறிதான் முதலில் ஊமையானது என்று ஒவ்வொருவரும் அடித்துப் பேசுவார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் காரணம் ஆறுச்சாமி கோயமுத்தூரிலிருந்து வாங்கி வந்த கண்டன்சர்தான் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

சோமனூர்ப் பக்கம் வந்தவர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒரு தறிக்குடோன், குடோன் நிறைய விசைத்தறி, பகலென்றும் ராத்திரியென்றும் பார்க்காமல் டக்கட டக்கட என்று ஓட்டம். இந்தச் சத்தத்துக்குள்ளேதான் நாங்கள் பிறந்தோம், இதற்குள்ளேதான் பெண் பார்த்தோம், காது குத்தினோம், சண்டை போட்டோம், சமாதானமானோம், அதனால் எங்கள் ஊரில் பேச்சு பாதி தொண்டையில் இருக்கும், மீதி உதட்டிலும் கையிலும் இருக்கும். வெளியூர்ச் சம்பந்திகள் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, என்ன கோபம் என்று தெரியவில்லையே என்று கவலையோடு ஊர் திரும்புவதுண்டு.

ஆறுச்சாமியும் அவர் சம்சாரம் துளசிமணியும் ஒரே குடோனில் எதிரும் புதிருமாக நின்று தறி ஓட்டுகிறவர்கள். துளசிமணி தறிக்கு வந்து நின்றாளென்றால் அவள் உதடு ஓயாது. குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடாக் கட்டை போவதும் வருவதுமாக இருக்க, உதடும் அதன்பாட்டுக்கு அசைந்துகொண்டே இருக்கும். கல்யாணமான நாளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆறுச்சாமி, தன்னைத்தான் திட்டுகிறாள் என்று முடிவு கட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் பணிவாகவே நடந்துகொண்டு வந்தார். ஒரு நாள் மத்தியானம், சோற்றில் ரசத்தை ஊற்றும்போது, மனசு கேட்காமல் கேட்டுவிட்டார்.

"நானும் பாத்துட்டே இருக்கறன் துளசி, தறிக்குப் போனா உம்பட வாய் நிக்கறதே இல்ல. அப்படி என்னதான் என்னத் திட்டுவே?"

"உங்களையா?" கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள் துளசிமணி. "பாட்டுப் பாடறனுங்க."

"பாட்டா?"

"ஆமாங். நானே கட்டுனது. தறி அடிக்கற அடிக்கு அதுபாட்டுக்கு வருது. சத்தத்துக்குள்ள யாருக்குங் கேக்கப் போகுது?"

இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், தன் பெண்டாட்டி பாடியிருக்கிறாள், அதில் ஒரு வரிகூடத் தன் காதில் விழவில்லை என்று தெரிந்ததும் ஆறுச்சாமி பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அந்த நிமிஷத்தில் வேறொரு மனிதராக இருந்தால் என்ன கேட்டிருப்பாரோ, அதை அவர் கேட்கவில்லை. அவர் சுபாவம் அப்படி. துளசிக்கு முதுகு வலித்தால் எங்கே வலிக்கிறது என்று கேட்க மாட்டார், மெத்தை வைத்த நாற்காலி வாங்கி வந்துவிடுவார். பிறந்த வீட்டு ஞாபகத்தில் அவள் ஒரு நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஃபிரிட்ஜ் வாங்கி வந்து இறக்கினார். இப்போதும் கையைக் கழுவிக்கொண்டே, "ரெக்கார்டு பண்ணிப் போடலாம்" என்று மட்டும் சொன்னார். அடுத்த பஸ்ஸுக்குக் கோயமுத்தூர் கிளம்பிவிட்டார்.

கோயமுத்தூரில் மைக்கும் கீபோர்டும் விற்கிற ஒரு கடைக்காரர் மிகவும் பொறுமைசாலி. எங்கே வைத்து ரெக்கார்டு பண்ணப் போகிறீர்கள் என்று முதலிலேயே விசாரித்தார். தறிக்குடோனுக்கு ஒட்டினாற்போல நூல் வைக்கிற அறை ஒன்று இருக்கிறது என்றார் ஆறுச்சாமி.

"அப்படின்னா டைனமிக் மைக் வாங்கிக்குங்க. வாய்க்குக் கிட்ட இருக்கற குரல மட்டும் எடுக்கும். கண்டன்சர் மைக் உங்களுக்கு வேண்டாங்க, அது சுத்துவட்டாரத்துல இருக்கற சத்தம் அத்தனையும் இழுத்துரும்."

கடைக்காரர் எச்சரிக்கையாகச் சொன்னார், ஆறுச்சாமி சிபாரிசாக எடுத்துக்கொண்டார். அவர்மேல் தப்பில்லை. எங்கள் ஊரில் கண்டன்சர் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மோட்டாருக்குப் பக்கத்தில் குட்டி டப்பா மாதிரி உட்கார்ந்திருப்பது. பேன் சுற்றவில்லையா, கண்டன்சர் போயிருக்கும், மாற்று. போர் மோட்டார் முக்குகிறதா, கண்டன்சர் வீக், மாற்று. கண்டன்சர் நன்றாக இருந்தால் எதுவும் இழுக்கும், கண்டன்சர் இல்லாத சாமானை வாங்குகிறவனை எங்கள் ஊரில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

"கண்டன்சர் வெச்சதே குடுங்க" என்றார் ஆறுச்சாமி. "இழுவை நல்லா இருக்கோணும்."

கடைக்காரர் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, இந்த மைக்குக்குத் தனியாக பேன்டம் பவர் கொடுக்க வேண்டும், அதற்கு இந்த டப்பாவில் பட்டன் இருக்கிறது என்று காட்டினார். "சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா?" என்று கேட்டார் ஆறுச்சாமி. அதற்குப் பிறகு கடைக்காரர் எதையும் விளக்கவில்லை. மைக், அதை லேப்டாப்பில் செருகுகிற டப்பா, காதை முழுசாக மூடி வெளிச்சத்தம் உள்ளே விடாத ஹெட்போன் எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்துவிட்டு, வழியனுப்பும்போது கடைசியாக ஒன்று சொன்னார். பாடுவதற்கு முன்னால் தறிச் சத்தத்தை மட்டும் தனியாகக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், இதுதான் சத்தம் என்று சாப்ட்வேருக்குக் காட்டிவிட்டால் போதும், அது கழித்துக் கொடுத்துவிடும்.

நூல் அறையைத் தயார் பண்ணினார்கள். சுவருக்கு ஒட்டுகிற பஞ்சு அட்டையெல்லாம் நாங்கள் எங்கே கண்டோம்? கழிவு நூல் மூட்டைகளைத் தரையிலிருந்து கூரைவரை அடுக்கினார்கள், கதவுக்குப் பழைய ஜமுக்காளம் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். பில் போட வாங்கிய லேப்டாப் ஏற்கனவே இருந்தது. சாப்ட்வேர் தேர்ந்தெடுப்பதுதான் பெண் பார்ப்பதைவிடப் பெரிய பாடாகிவிட்டது. ஒன்றைத் திறந்தால் ஏரோப்ளேன் ஓட்டுகிறவன் முன்னால் இருப்பதுபோல முள்ளும் திருகாணியுமாக வந்து பயமுறுத்தியது. இன்னொன்று, வாய் திறப்பதற்குள் தானாகவே மேளம் அடிக்க ஆரம்பித்தது. மற்றொன்று மாசாமாசம் வாடகை கேட்டது. "எம்பட வாய்ல நான் பாடறதுக்கு எவனுக்குங்க வாடகை?" என்று துளசிமணி அதை அந்த இடத்திலேயே மூடிவிட்டாள். கடைசியில் டப்பாவோடு இலவசமாக வந்த ஒன்றைத் திறந்தபோது, இடமிருந்து வலமாகக் கோடு கோடாக டிராக்குகள் ஓடுவதைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது.

"பாவு நூல நீளமா ஓட்டுனாப்பல இருக்குதுங்க. இதே போதும்."

முதல் டிராக்குக்கு என்ன பேர் என்று சாப்ட்வேர் கேட்டது. கடைக்காரர் சொன்னபடி முதலில் வெறும் சத்தத்தைத்தானே பிடிக்க வேண்டும், அதனால் துளசிமணி ஒரு விரலால் தேடித் தேடி 'தறி' என்று அடித்தாள். ஆறுச்சாமி பேன்டம் பவர் பட்டனை அமுக்கினார், அவள் சிவப்பு வட்டத்தை அமுக்கினாள், திரையில் பச்சைக் கோடு ஒன்று துடித்து எழுந்து மேலும் கீழும் குதித்து ஓடியது. முதலில் அவர்கள் குடோனின் சத்தம் உள்ளே போனது, அதன் பின்னால் பக்கத்துக் குடோன் சத்தம், பின்னால் அடுத்த வீதி, மாகாளியம்மன் கோயில் வீதி, பஸ் ஸ்டாப் எதிரில் இருக்கிற பெரிய குடோன் என்று ஒன்றன்பின் ஒன்றாக, சந்தைக்குப் போகிற ஆடுகள்போல வரிசையாக உள்ளே போய்ச் சேர்ந்தன. போய் முடிந்ததும் துளசிமணி பட்டனை நிறுத்தினாள். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, நாடா போனது, வந்தது, துணி சுருண்டது, சத்தம் மட்டும் இல்லை. காக்கை கத்தியது கேட்டது, ஸ்கூட்டர் போனது கேட்டது, யார் வீட்டிலோ தாளித்ததுகூடக் கேட்டது. 'தறி' என்று பேர் வைத்த அந்தச் சத்தம் மட்டும்தான் போயிருந்தது.

"நல்லா இழுக்குது" என்றார் ஆறுச்சாமி.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்டால், முதல் நாள் முழுவதும் கத்திக்கொண்டே எடுத்துக்கொண்டது. பழக்கம் விடுமா? அடுத்த குடோன்காரி பேபியக்கா தன் நாத்தனாரைப் பற்றித் தங்கச்சியிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னது நாலு வீதிக்குக் கேட்டது, நாத்தனாருக்கும் கேட்டது. அவளும் தன் பங்குக்குப் பதில் ரகசியம் சொன்னாள், சாயங்காலத்துக்குள் ஊருக்கே தீர்ப்புச் சொல்லுமளவுக்கு விவரம் தெரிந்துவிட்டது. வேண்டுதலைச் சத்தமாகச் சொல்லிப் பழகியவர்கள் கோயிலில் நின்று கேட்டதெல்லாம் பூசாரிக்கும் வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கும் தெரிந்துபோனதில், சாமி செய்ய வேண்டிய இரண்டொரு காரியத்தை அக்கம்பக்கத்தாரே முடித்துக் கொடுத்தார்கள்.

கோயில் மணி கீறல் விட்டு எத்தனை காலமாயிற்றோ தெரியாது, அன்றைக்குத்தான் அது டங் என்று அடிக்காமல் டப் என்று அடிக்கிறது என்று தெரிந்தது. கைக்குழந்தைகள் தூங்க மறுத்தன. மிக்ஸியை வெறுமனே ஓட்டித் தாய்மார்கள் தொட்டில் ஆட்டினார்கள். கரண்ட் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, ஸ்டிரைக்கா என்று கேட்டார், ஓடுகிற தறியைக் காட்டியதும் தலையைச் சொறிந்துகொண்டு மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார். எனக்கே என் வீட்டுக் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பது அப்போதுதான் தெரியும், இரண்டு நாள் அதைக் கேட்டுவிட்டு எரிச்சலில் பேட்டரியைக் கழற்றிவிட்டேன்.

விஷயம் பரவியதும் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் கண்டன்சரைப் பார்க்க வந்தார்கள். பார்த்துவிட்டு, இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று குறைப்பட்டார்கள். ஒருவர் தன் மாமியாரின் இருமலை எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார், இன்னொருத்தி தன் வீட்டுக்காரரின் குறட்டைக்கு முன்பதிவு செய்யப் பார்த்தாள். துளசிமணி எல்லோருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினாள், மைக்கை மட்டும் தொடவிடவில்லை. டப்பாவிலிருந்து ஒயரைக் கழற்றி, மைக்கைச் சேலைத் துண்டில் சுற்றி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

"அப்ப உம்பட பாட்டு?" என்று கேட்டார் ஆறுச்சாமி.

"வேண்டாமுங்க. பேர் வெச்சாப் போயிருது. பாட்டுன்னு பேர் வெச்சுப் பாட்டும் போயிருச்சுன்னா, அப்பறம் நான் எங்க போறது?"

அதுவும் நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு குடோனில் துளசிமணியின் உதடு அசையவில்லை. சத்தமில்லாத தறி முன்னால் வாயை மூடிக்கொண்டு நின்றாள், பாட்டின் முதல் எழுத்து நாக்கு நுனிவரை வந்து, பக்கத்து வீட்டில் தட்டம் வைக்கிற சத்தம் கேட்டதும் திரும்ப உள்ளே ஓடிவிட்டது. பதுங்குவதற்கு இடமில்லாத பாட்டு அது. ஆறுச்சாமி எதிர்த் தறியிலிருந்து அந்த மூடிய வாயைப் பார்த்துப் பார்த்து மருகினார். பாட்டைப் பிடிக்கிறேன் என்று போய், பாடுகிற வாயைப் பூட்டி எடுத்து வந்துவிட்டோமே என்று எங்களிடம் வந்து புலம்பினார், அதுவும் எல்லோருக்கும் கேட்டது.

ஒரு நாள் விடிந்ததும், வேலை தொடங்குவதற்கு முன்னால், உள்ளே போன சத்தம் பத்திரமாக இருக்கிறதா பார்ப்போம் என்று துளசிமணி நூல் அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தறி டிராக்கை ஓடவிட்டாள். அத்தனை தறியும் அவள் இரண்டு காதுக்குள் வந்து டக்கட டக்கட என்று அடித்தன. அவள் தோள் இறங்கியது, கால் தானாகத் தாளம் போட்டது, வாய் திறந்தது. காதுக்குள் ஊரே ஓடுகிறபோது, தன் குரல் தனக்கே கேட்காதபோது, வெளியே ஊர் ஊமையாகக் கிடக்கிறது என்ற நினைப்பு யாருக்கு வரும்? எப்போதும்போலச் சத்தத்துக்குள் பாடுவதாக எண்ணிக்கொண்டு, தறியை மீறுகிற அந்தப் பெரிய தொண்டையில் பாடினாள்.

*பாவு காயட்டும், பக்கத்துல வராத மழையே,*
*பள்ளத்துக் காட்டுல பயிரு வாடுது, அங்க போ மழையே,*
*போன மழை திரும்புனா எம்பட பொறந்த ஊரச் சொல்லு மழையே*

கழிவு நூல் மூட்டைகள் பாதியைக் குடித்தும் மீதி எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. நன்றாகப் பாடினாள் என்று சொன்னால் அது பத்தாது. சுருதி என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டு அந்தக் குரல் நிற்கவில்லை, முரடாகக் கிளம்பி, நாடா போல ஒரு கரையில் முட்டி மறு கரைக்குத் தாவியது, எங்கள் காதுக்கு அதுதான் சரியாக இருந்தது. நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன், அப்படியே நின்றுவிட்டேன். பேபியக்கா கோலப்பொடிக் கிண்ணத்தோடு வந்து ஆறுச்சாமி வீட்டு ஜன்னலோரம் நின்றாள், அவள் பின்னாலேயே நாத்தனாரும் வந்து நின்றாள். ஆறுச்சாமி ஜமுக்காளத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து அழுதுகொண்டிருந்தார்.

அடுத்த நாள் காலையும், அதற்கடுத்த நாளும் அவள் அப்படியே பாடினாள், ஊர் கேட்கிறது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவாள் என்று எல்லோருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் அவள் ஹெட்போனைக் கழற்றும்போது வீதி எப்போதும்போல இருக்க வேண்டும், கூட்டம் தெரியக் கூடாது, செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது. இதற்காகவே நாகமரத்துப்பாளையம் மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டது. பிறந்ததிலிருந்து கத்திய ஜனம் வாயைப் பொத்திக்கொண்டு கிசுகிசுத்தது, முதலில் வெறும் காற்றுதான் வந்தது, பிறகு பழகிவிட்டது. தக்காளி விற்கிற வண்டிக்காரன் ஊர் எல்லையிலேயே ஸ்பீக்கரை நிறுத்தினான். பஸ் டிரைவர் ஆரன் அடிக்காமல் கை காட்டிவிட்டுப் போனார். வெளியூர் ஆள் யாராவது வாயைத் திறந்தால், "கம்முனு இருங்" என்று உதட்டில் விரல் வைத்தோம். காலையில் பாட்டுக் கேட்டுவிட்டுப் போனால் பகல் முழுக்க மனசு லேசாக இருந்தது, அந்த நாள்களில் எங்கள் ஊரில் நடந்த சண்டைகளைச் சொல்லச் சொன்னால் எனக்கு ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை.

ஆனால் சத்தமில்லாத தறி ஆபத்தான தறி. நாடா தெறிக்கப் போகிறதென்றால் தறியின் அடி முன்கூட்டியே மாறும், அதைக் கேட்டுத்தான் கை சுவிட்சுக்குப் போகும். இப்போது கேட்க ஒன்றுமில்லை. நூல் அறுந்தது தெரியாமல் முழம் முழமாகத் துணி வீணானது. அதற்குப் பிறகு ஒரு நாள், பிட்டர் மாகாளி தறி ஒன்றைச் சரிபார்த்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, நாடா கிளம்பி வந்து அவர் கையிலிருந்த கிளாஸை நொறுக்கிவிட்டுச் சுவரில் குத்தி நின்றது. கொஞ்சம் இந்தப் பக்கம் வந்திருந்தால் மாகாளி இருந்திருக்க மாட்டார்.

மறுநாள் காலை, துளசிமணி பாடிக்கொண்டிருக்கும்போதே, அவர் கையில் கட்டோடு ஆறுச்சாமியிடம் வந்தார். நாங்களும் கூடவே போனோம்.

"பாட்டு நல்லாத்தான் இருக்குதுங்" என்றார் மாகாளி கிசுகிசுப்பாக. "ஆனா அடுத்த நாடா யாரு மண்டைக்கு வருமோ. சத்தம் வரோணுமுங்க."

"வந்துட்டா நமக்குப் பாட்டுக் கேக்காது" என்றாள் பேபியக்கா. சொல்லிவிட்டு அவளே மாகாளியின் கையைப் பார்த்தாள்.

ஆறுச்சாமி எழுந்து ஜமுக்காளத்தை விலக்கி உள்ளே போனார். துளசிமணி கண்ணை மூடி, மழையைப் பள்ளத்துக் காட்டுக்கு விரட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவளுடைய ஹெட்போனின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கினார். பாதி வரியில் தன் குரல் வெறும் அறையில், வெறும் வீதியில், வெறும் ஊரில் ஒலிப்பதை அவள் முதன்முதலாகக் கேட்டாள். சட்டென்று நின்றாள். ஜன்னலுக்கு வெளியே நாங்கள் அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

"எத்தன நாளாங்க?"

"மொத நாள்ல இருந்து."

"எல்லாருமா?"

ஆறுச்சாமி தலையை ஆட்டினார்.

துளசிமணியின் முகம் சிவந்தது. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "ஊரே சேந்து என்னக் கேணச்சி ஆக்கிப் போட்டீங்க. உங்களுக்கு மட்டும்னா நான் பாடியிருக்க மாட்டனா?"

"எனக்கு நீ ஒரு நாளும் பாடலியே துளசி."

"நீங்க பாடுன்னு சொல்லவே இல்லீங்களே!" என்றாள் அவள். "மைக்குத்தான வாங்கிட்டு வந்தீங்க."

ஜன்னலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனோம். அதற்குப் பிறகு நூல் அறையிலிருந்து பாட்டு வரவில்லை, ஊர் வெறிச்சென்று கிடந்தது. காலையில் எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் ஆளாளுக்கு வாசலில் நின்றோம். மன்னிப்புக் கேட்கப் போன பேபியக்காவைத் துளசிமணி உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள், ஆனால் பேச்சுக் கொடுக்கவில்லை. மாகாளியின் கையை மட்டும் விசாரித்தாள்.

சத்தத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அவளேதான். கோயில் ஸ்பீக்கர் பெட்டிகளை வரவழைத்து, நூல் அறை ஜன்னலில் வீதியைப் பார்க்க வைக்கச் சொன்னாள். ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கர் ஒயரைச் செருகி, தறி டிராக்கை முதலிலிருந்து ஓடவிட்டாள். பெரிய குடோன் சத்தம், கோயில் வீதிச் சத்தம், எங்கள் வீட்டுச் சத்தம் என்று ஒவ்வொன்றும் ஜன்னல் வழியே வெளியே வந்து, வழி தெரிந்த மாடுகள்போலத் தத்தம் குடோனுக்குப் போய்த் தத்தம் தறியில் ஏறிக்கொண்டன. திரையில் இருந்த பச்சைக் கோடு படுத்து நேர்கோடானது. கைக்குழந்தைகள் அந்த நிமிஷமே தூங்கின. நாங்கள் மறுபடியும் கத்த ஆரம்பித்தோம். கிசுகிசுத்துக் கிசுகிசுத்துத் தொண்டை கட்டிப்போயிருந்த எங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

துளசிமணி தறிக்குப் போய் நின்றாள். கொஞ்ச நேரம் வெறுமனே ஓட்டினாள். பிறகு உதடு அசைந்தது.

நானும் பேபியக்காவும் மாகாளியும் வீதியில் நின்று குடோன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். எதிர்த் தறியில் இருந்த ஆறுச்சாமி அவளையே பார்த்தார். பிறகு சுவரோரம் போய் மெயின் சுவிட்சை இறக்கினார். அந்தக் குடோனின் தறிகள் மட்டும் நின்றன. அவர் அவளிடம் போய், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, மிக அருகில் நின்று ஏதோ கேட்டார். கேட்டது என்னவென்று எங்களுக்குச் சத்தமாக வந்து சேரவில்லை, வந்து சேரத் தேவையும் இல்லை. அவள் முதலில் தலையைக் குனிந்து சிரித்தாள், பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள், காதைக் கொடுத்துக் கேட்டாள். அடுத்த குடோன்களின் சத்தம் வீட்டைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பேபியக்காவின் குடோனில் பாதித் தறி நின்றிருந்தது, எனக்கும் இரண்டு தறி பாவு இல்லாமல் சும்மாக் கிடந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த சத்தம் மெலிசாக இருந்தது, வாய் திறந்தால் வெளியே கேட்டுவிடும். துளசிமணி அந்தப் பக்கமே பார்த்துத் தயங்கினாள்.

"ஒரு ரண்டு குடோன நிறுத்துனா நமக்கும் கேக்குமுங்" என்றார் மாகாளி ஆசையாக.

"வாய மூடுங்க நீங்க" என்றாள் பேபியக்கா. "போய் எம்பட தறி அத்தனையும் போட்டு உடுங்க. நீயும் போ தம்பி, என்ன வேடிக்க?"

எனக்கும் கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது. ஓடினேன். என் இரண்டு தறிகளையும் வெறும் தறியாகவே போட்டுவிட்டேன், பேபியக்கா போட்டாள், அவள் நாத்தனார் போட்டாள், என்ன ஏதென்று கேட்காமல் கோயில் வீதியிலும் போட்டார்கள். நான் திரும்பி வந்து பார்த்தபோது துளசிமணி பாடிக்கொண்டிருந்தாள், ஆறுச்சாமி நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார், எங்களுக்கு ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம்வரை நாகமரத்துப்பாளையத்தில் பாவு ஏற்றாத தறிகளும் ஓடின.